சரியாகச் சொன்ன தப்பு

ஆம்பல் குளத்தின் மேற்குக் கரையில், ஒரு பெரிய பாறையின் நிழலில், மந்தாரை என்ற காட்டெருமை பள்ளிக்கூடம் நடத்திவந்தாள். சின்னப் பள்ளிக்கூடம்தான். அணில், முயல், கீரி, ஆமை என்று கரையோரத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள்.

எருமைக்கு என்ன பாடம் தெரியும் என்று சிரிக்காதீர்கள். மந்தாரைக்கு ஒரே ஒரு பாடம்தான் தெரியும். ஆனால் அந்தக் காட்டில் அதைவிடப் பெரிய பாடம் கிடையாது. அடுத்த சாதிப் பறவை ஆபத்து என்று கத்தினால், அதைப் புரிந்துகொண்டு உயிர் தப்புவது எப்படி என்பதுதான் அந்தப் பாடம்.

மைனா கரகரவென்று கத்தினால் தரையில் பாம்பு. பாறைமேல் ஏற வேண்டும். கரிச்சான் குருவி கீச்சிட்டால் வானத்தில் பருந்து; புதருக்குள் பதுங்க வேண்டும். மயில் தொண்டை கிழிய அகவினால் சிறுத்தை. பாறையிடுக்குக்குள் பாய வேண்டும், அங்கே அதன் கை எட்டாது. இதை மாற்றிச் செய்தால் முடிந்தது கதை. சிறுத்தை வரும்போது புதரில் பதுங்கினவன் அதன் வாய்க்குள் பதுங்கினது போலத்தான்.

ஓட்டான் என்ற ஆமைக் குட்டிக்கு மட்டும் எல்லாக் கேள்விக்கும் ஒரே விடை. தலையை உள்ளே இழுத்துக்கொள்வான். அவனைத் திட்டுவதா, பாராட்டுவதா என்று மந்தாரைக்கு ஒருநாளும் புரிந்ததில்லை.

மதியம் பள்ளியில் சாப்பாடு உண்டு. பொன்னாத்தா என்ற பெருச்சாளி அதற்குப் பொறுப்பு. பெருச்சாளியிடம் போய் உணவுக் கிடங்கை ஒப்படைத்தார்களே என்று ஊரில் கேலி பேசினார்கள். பேசினவர்கள் வாயடைத்துப் போகும்படி அவள் ஒரு கொட்டையைக்கூட வீணாக்காமல் பரிமாறினாள்.

அந்தச் சாப்பாடு எங்கிருந்து வந்தது? மழை முடிந்ததும் காட்டில் எல்லோரும் கொஞ்சம் பழம், கொட்டை, கிழங்கு கொண்டுபோய்ப் பொதுக் குகையில் சேர்ப்பார்கள். காட்டுச் சபை அதிலிருந்து ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பங்கு அனுப்பும். அந்தப் பங்கை நம்பித்தான் பிள்ளைகள் பகலில் இரை தேடி அலையாமல் பள்ளிக்கு வந்தார்கள். பங்கு நின்றால் சாப்பாடு நிற்கும். சாப்பாடு நின்றால் பள்ளி நிற்கும்.

ஒரு வருடம் சபைக்கு ஒரு யோசனை வந்தது. சும்மா பங்கு கொடுப்பதா? பிள்ளைகள் படிக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கொடுப்போம் என்றது. பார்த்துவர நீலமணி என்ற மயிலை ஆய்வாளராக அனுப்பியது.

நீலமணி தோகையை ஒரு தடவை விரித்து, ஒரு தடவை மடக்கி, பாறைமேல் ஏறி நின்றார்.

"நான் ஒவ்வொரு குரலா எழுப்புவேன். என்ன ஆபத்துன்னு பிள்ளைங்க சொல்லணும். ஆரம்பிக்கலாமா டீச்சர்?"

"ஆரம்பிங்க ஐயா," என்றாள் மந்தாரை. தன் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் என்று அவளுக்குத் தெரியும்.

சொந்தக் குரல்தான் சுலபம் என்று நீலமணி முதலில் மயில் குரலிலேயே அகவினார். காடே அதிர்ந்தது.

அடுத்த நொடி வகுப்பில் ஒருவரும் இல்லை. அணில், முயல், கீரி எல்லோரும் பாறையிடுக்குக்குள் பாய்ந்துவிட்டார்கள். நிழலில் ஓட்டானின் ஓடு மட்டும் கவிழ்ந்த சட்டி மாதிரி கிடந்தது.

நீலமணி சுற்றும்முற்றும் பார்த்தார். "மாணவர்கள் எங்கே?"

"ஒளிஞ்சிருக்காங்க ஐயா."

"ஏன்?"

"நீங்க அகவினீங்களே. சிறுத்தைன்னு அர்த்தம்."

"அது எனக்கும் தெரியும் டீச்சர். அதை வாயால சொல்லணும். இப்படி எழுந்து ஓடிட்டா நான் எப்படி மதிப்பெண் போடுறது?"

மந்தாரை பிள்ளைகளைக் கூப்பிட்டாள். ஆசிரியை குரல் கேட்டதும் வந்தார்கள். நீலமணி மைனா போலக் கத்தினார். பிள்ளைகள் எல்லோரும் சடசடவென்று பாறைமேல், அவர் காலடிக்கே ஏறி வந்துவிட்டார்கள். ஒரு முயல் குட்டி அவர் தோகையை மிதித்துவிட்டது. ஆய்வு அதோடு முடிந்தது.

சில நாள் கழித்து நீலமணி சபையின் முடிவோடு வந்தார். "கேள்வி கேட்டதும் வகுப்பே காலி. பதில் சொன்னவர் ஒருவரும் இல்லை. படிக்காத பிள்ளைகளுக்குப் பங்கு கொடுத்தா அது விழலுக்கு இறைத்த நீர்னு சபை சொல்லிடுச்சு. நல்லாப் படிக்கிற பள்ளிக்குத்தான் இனிமே பங்கு."

"அவங்க ஓடினதுதானே ஐயா பதில்?" என்று மந்தாரை கேட்க நினைத்தாள். எருமைகளுக்கு யோசனை மெதுவாக வரும். அது வாய்க்கு வந்து சேர்வதற்குள் நீலமணி அடுத்த பள்ளிக்குப் பறந்துவிட்டார்.

அன்று மந்தாரை குளத்தில் கழுத்தளவு நீரில் நின்று வெகுநேரம் அசைபோட்டாள். ஓடாமல் இருந்தால் சிறுத்தை தின்றுவிடும். ஓடினால் பங்கு கிடைக்காது. பங்கு கிடைக்காவிட்டால் பள்ளி இருக்காது. பள்ளி இல்லாவிட்டால் ஓடத் தெரியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் குளத்தின் அதே கரைக்கே வந்து சேர்ந்தாள்.

பொன்னாத்தா கரையில் நின்று கூப்பிட்டாள். "டீச்சரம்மா, இதுல என்ன குழப்பம்? ஐயாவுக்கு வாயால பதில் வேணும். பிள்ளைங்களை உட்கார்ந்து பதில் சொல்லப் பழக்குங்க. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் போலத் தோன்றியது.

அந்த வருடம் முழுக்க அரை வயிற்றுச் சாப்பாடு. பொன்னாத்தா பழைய கையிருப்பை நீட்டி நீட்டிப் பரிமாறினாள். மந்தாரை புதுப்பாடம் எடுத்தாள்.

"அகவல் கேட்டா ஓடக்கூடாது. அது கேள்வி. கேள்விக்கு யாராவது ஓடுவாங்களா? உட்காரணும். வாலைத் தூக்கணும். 'சிறுத்தை ஐயா'ன்னு தெளிவாச் சொல்லணும்."

இதைக் கற்றுக்கொடுப்பது லேசாக இல்லை. எருமைத் தொண்டையில் மயில் குரல் எப்படி வரும்? அவள் அகவினால் பாதிப் பிள்ளைகள் சிரித்தார்கள், மீதிப் பேர் ஓடினார்கள். முயல் குட்டிக்கு மனம் உட்கார்ந்தாலும் கால் உட்காராது. மந்தாரை அதன் முன்னால் நின்று, "உட்காரு கண்ணு, உட்காரு," என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். குட்டியின் காது நடுங்கும். கடைசியில் ஒருநாள் அது நடுங்காமல் உட்கார்ந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். மந்தாரைக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஏதோ ஒன்று காலில் தைத்த முள்ளாக உறுத்தியது. எங்கே தைத்திருக்கிறது என்றுதான் பிடிபடவில்லை.

அடுத்த ஆய்வுக்கு நீலமணி வந்தார். மைனா போலக் கத்தினார். "பாம்பு ஐயா." கரிச்சான் போலக் கீச்சிட்டார். "பருந்து ஐயா." மயிலாக அகவினார். "சிறுத்தை ஐயா." ஒருவரும் அசையவில்லை. எல்லா வாலும் வரிசையாக நின்றது. ஓட்டான்கூட ஓட்டுக்குள்ளிருந்தே முணுமுணுத்தான்.

நீலமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. "பிரமாதம் டீச்சர். காட்டிலேயே இதுதான் முதல் பள்ளி."

பொன்னாத்தா கிடங்கைப் பெருக்கித் துடைத்து, வரப்போகிற பழங்களுக்கு இடம் ஒதுக்கி வைத்தாள்.

பழம் வரவில்லை. நீலமணிதான் வந்தார்.

"சபையில உங்க பள்ளியைப் பத்தி ரொம்பப் பெருமையாப் பேசினாங்க. பங்கு இல்லாமலே இவ்வளவு நல்லாப் படிக்கிறாங்களே, அப்புறம் இவங்களுக்குப் பங்கு எதுக்குன்னு கேட்டாங்க. பின்தங்கின பள்ளிக்குத்தான் இனிமே பங்கு."

மந்தாரை கண்ணைக் கொட்டினாள். "போன வருஷம் நாங்க பின்தங்கித்தானே ஐயா இருந்தோம்?"

"ஆமா."

"அப்போ கொடுக்கலையே."

"அது போன வருஷத்து விதி டீச்சர். அப்போ முந்தினவங்களுக்குத்தான் பங்கு."

"இப்போ நாங்க முந்திட்டோமே."

"அதனாலதான் இல்லேங்கறேன்," என்றார் நீலமணி. பிறகு தான் சொன்னதைத் தானே ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்து, அவரும் கொஞ்சம் விழித்தார். ஆனாலும் அவர் ஆய்வாளர். ரொம்பநேரம் விழித்துக்கொண்டு நிற்க முடியாது. போகும்போது இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். "அடுத்த தடவையும் பங்கு வரலேன்னா, உங்க பள்ளியை மலைமேல் பள்ளியோட சேர்த்துடலாம்னு ஒரு பேச்சு இருக்கு."

மலைமேல் பள்ளி பெரிய பள்ளி. ஆனால் அதற்கு ஆற்றைத் தாண்டி, செங்குத்துப் பாதையில் ஏற வேண்டும்.

"ஓட்டான் அங்க போய்ச் சேர்றதுக்குள்ள அவனுக்குக் கல்யாண வயசு வந்துடும்," என்றாள் பொன்னாத்தா. "அணிலும் முயலும் ஆத்துல இறங்குமா? சேர்க்கிறதுன்னு சொன்னாலும் இதுக்குப் பேரு மூடுறதுதான்."

மந்தாரை வெறுமையாகக் கிடந்த கிடங்கைப் பார்த்தாள். சாப்பாடு குறைந்ததும் கீரிக் குட்டிகள் இரண்டு நின்றுவிட்டன. முயல் வீட்டிலும், "பகல்ல ரெண்டு கிழங்கு தோண்டினாலாவது ஆகும்," என்று பேச்சு வந்துவிட்டது. பள்ளி கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டுமா, மோசமாகப் படிக்க வேண்டுமா? அவளுக்குத் தலை சுற்றியது. வாழ்நாளில் முதல் தடவையாக ஆசிரியையாக இருப்பது அவளுக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் ஆய்வு நெருங்கியது. வழியில் நீலமணியைப் பார்த்த மந்தாரை நேராகவே கேட்டாள். "ஐயா, இந்த வருஷம் எந்த விதி? முந்தணுமா, பிந்தணுமா?"

"எனக்கே தெரியாது டீச்சர். ஆய்வு எல்லாம் முடிஞ்ச பிறகுதான் சபை விதியை முடிவு பண்ணுமாம்."

இதைக் கேட்டதும் பொன்னாத்தாவுக்கு மூளை வேலை செய்தது. "ரெண்டுங்கெட்டானா இருந்துடுவோம் டீச்சரம்மா. பாதிப் பேர் சரியாச் சொல்லட்டும், பாதிப் பேர் தப்பாச் சொல்லட்டும். முந்தினவங்களுக்குன்னா சரியாச் சொன்ன பாதியைக் காட்டலாம். பிந்தினவங்களுக்குன்னா மத்த பாதியைக் காட்டலாம்."

மந்தாரை அசைபோட்டுப் பார்த்தாள். எங்கேயோ இடித்தது. ஆனால் வேறு வழி ஒன்றும் தோன்றவில்லை. "சரி. சரியாச் சொல்றவங்க பாறைக்கு இந்தப் பக்கம். தப்பாச் சொல்ல மந்தமான பிள்ளைங்களை அந்தப் பக்கம் வைக்கலாமா?"

"ஐயையோ, வேண்டாம். ஓட்டானைத் தப்பாச் சொல்லச் சொன்னா, தவறிப்போய்ச் சரியாச் சொல்லித் தொலைப்பான். தப்பை ஒழுங்காச் சொல்லணும்னா நல்லாப் படிக்கிற பிள்ளைதான் வேணும். மின்னியை வைங்க."

மின்னி அணில் பிள்ளை. வகுப்பிலேயே அவள்தான் கெட்டிக்காரி. கேள்வி முடியும் முன்னே அவள் வால் மேலே நிற்கும். மந்தாரை அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"மின்னி, மயில் அகவினா நீ 'பருந்து'ன்னு சொல்லணும்."

"அது சிறுத்தை டீச்சர்."

"தெரியும்மா."

"உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஐயாவுக்கும் தெரியும். அப்புறம் யாருக்காக டீச்சர் தப்பாச் சொல்லணும்?"

"பள்ளிக்காகக் கண்ணு," என்றாள் மந்தாரை.

மின்னி அதற்குமேல் கேட்கவில்லை. பள்ளி அவளுக்கு உயிர். அன்றிலிருந்து கிளையில் உட்கார்ந்து, "அகவினா பருந்து, அகவினா பருந்து," என்று மனப்பாடம் செய்தாள். முதலில் நாக்கு புரளவில்லை. பிறகு பழகிவிட்டது. எதைப் பழக்கினாலும் பழகும் வயது அது.

ஆய்வு நாள் வந்தது. பாறைக்கு இந்தப் பக்கம் பாதிப் பேர், அந்தப் பக்கம் பாதிப் பேர். பின்னால் நாணல் புதர். நீலமணி பாறைமேல் ஏறினார்.

மைனா போலக் கத்தினார்.

"பாம்பு ஐயா," என்றது இந்தப் பக்கம்.

"யானை ஐயா," என்றது அந்தப் பக்கம்.

நீலமணி கழுத்தைச் சொறிந்துகொண்டார். கரிச்சான் போலக் கீச்சிட்டார்.

"பருந்து ஐயா."

"தவளை ஐயா."

எல்லாம் திட்டப்படி நடந்தது. மந்தாரை மூச்சுவிட்டாள். இன்னும் ஒரே ஒரு குரல்தான் பாக்கி.

நீலமணி மூன்றாம் கேள்விக்குக் கழுத்தை உயர்த்தினார். அப்போது பிள்ளைகளுக்குப் பின்னால் நாணல் விலகுவதைக் கண்டார். இரண்டு மஞ்சள் கண்களைக் கண்டார். அவர் தொண்டையிலிருந்து வந்தது கேள்வி இல்லை. உயிர் பதறி வந்த அலறல்.

இந்த வருடம் ஐயா நன்றாகவே அகவுகிறார் என்று நினைத்தாள் மந்தாரை.

"சிறுத்தை ஐயா," என்றது இந்தப் பக்கம். ஒருவரும் அசையவில்லை. எல்லா வாலும் வரிசையாக நின்றது.

"பருந்து ஐயா," என்றாள் அந்தப் பக்கத்திலிருந்து மின்னி. சொல்லிவிட்டுத் தன் டீச்சரைப் பெருமையோடு பார்த்தாள்.

நீலமணி மறுபடி அலறினார். அலறிக்கொண்டே பக்கத்து மருத மரத்துக்குப் பறந்தார். ஐயா அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறார் என்று பிள்ளைகள் அதே பதிலை இன்னும் சத்தமாகச் சொன்னார்கள்.

கேள்விக்கு எதற்காக மரத்தில் ஏற வேண்டும்? மந்தாரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த நேரம் காற்று திரும்பியது. நாற்றம் மூக்கில் அடித்தது. எல்லா யோசனையும் மெதுவாக வரும் அவளுக்கு அது மட்டும் உடனே விளங்கியது.

"ஓடுங்க பிள்ளைங்களா, ஓடுங்க!"

யாரும் ஓடவில்லை. கேள்விக்கு ஓடக்கூடாது என்று சொன்னதே அவள்தானே? இது டீச்சர் வைக்கிற சோதனை என்று நினைத்து, பிள்ளைகள் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முயல் குட்டியின் காது மட்டும் நடுங்கியது.

சிறுத்தை பாய்ந்தது. மந்தாரையும் பாய்ந்தாள். பிள்ளைகளின் தலைக்கு மேலே இரண்டும் மோதின. சிறுத்தையின் கை மின்னியின் வாலில் பட்டது. அதன் அடுத்த அடி மந்தாரையின் தோளைக் கிழித்தது. மந்தாரை தலையைத் தாழ்த்தி, கொம்பில் வாரி, அதைப் பாறையோடு சேர்த்து இடித்தாள். ஒரு கொம்பு நுனி முறிந்தது. சிறுத்தை நொண்டிக்கொண்டே நாணலுக்குள் ஓடி மறைந்தது.

அதற்குப் பிறகும் பிள்ளைகள் வரிசை கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்தபோதுதான் மந்தாரைக்கு, அந்த முள் எங்கே தைத்திருந்தது என்று பிடிபட்டது.

மின்னி தத்தித் தத்தி அவளிடம் வந்தாள். வாலில் பாதி இல்லை. வலியில் கண்ணெல்லாம் நீர். ஆனால் அவள் வலியைப் பற்றிப் பேசவில்லை.

"டீச்சர், நான் தப்பைச் சரியாத்தானே சொன்னேன்?"

மந்தாரை அழுதாள். காட்டெருமை அழுது அந்தக் கரையில் யாரும் பார்த்ததில்லை. பொன்னாத்தா கிடங்கு வாசலிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். தன் யோசனைக்கு இந்தப் பிள்ளை வாலைக் கொடுத்துவிட்டதே என்று புலம்பினாள்.

நீலமணி மரத்திலிருந்து இறங்கி வந்தார். தோகை மண்ணில் இழுபட்டது. அதைத் தூக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"நான் நிஜமாத்தான் டீச்சர் கத்தினேன். ஒருத்தர்கூட அசையலையே."

"அசையக்கூடாதுன்னு நான்தான் ஐயா சொல்லிக்கொடுத்தேன்."

"முதல் வருஷம் எல்லாரும் ஓடினாங்களே?"

"ஆமா ஐயா. அன்னைக்குத்தான் எல்லாரும் தேறினாங்க. உங்களுக்கு அது தெரியலை. எனக்குத் தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கலை." மந்தாரை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எந்த விதியா வேணாலும் இருக்கட்டும். என் பிள்ளைங்க இனிமே ஓடுவாங்க. மதிப்பெண் போட முடியலேன்னா போடாதீங்க."

நீலமணி தலையைக் குனிந்துகொண்டார். இந்த ஆய்வுக்கு என்ன மதிப்பெண் என்று அவர் கடைசிவரை சொல்லவே இல்லை.

சில நாள் கழித்துப் பள்ளிக்குப் பங்கு வந்தது. பழமும் கொட்டையும் கிழங்கும் குவிந்தன. பொன்னாத்தாவுக்கு நம்ப முடியவில்லை. "எந்த விதியில ஐயா கொடுத்தாங்க? முந்தினதுக்கா, பிந்தினதுக்கா?"

"ரெண்டும் இல்லை," என்றார் நீலமணி கூச்சத்தோடு. "பள்ளிக்குன்னு கேட்டா எந்த விதின்னு சபையில இன்னும் சண்டை ஓயலை. சிறுத்தை அடிச்ச இடத்துக்கு நிவாரணம் கொடுக்கலாம்னு பழைய விதி ஒண்ணு இருந்துச்சு. அதுல கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

"அப்போ அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம்..." நீலமணி யோசித்தார். "சிறுத்தை வருமா?"

"வந்தாத்தான் சோறா?" என்று பொன்னாத்தா இடுப்பில் கைவைத்தாள். நீலமணி, அடுத்த சபைக் கூட்டத்தில் இதைக் கேட்டே தீருவேன் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மலைமேல் பள்ளியோடு சேர்க்கும் பேச்சு நின்றுபோனதா, தள்ளிப்போனதா என்று யாருக்கும் தெரியவில்லை. மந்தாரைக்கும் தெரியவில்லை. சபையின் கணக்கு அவளுக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. அதைப் புரிந்துகொள்ளும் ஆசையையே அவள் விட்டுவிட்டாள். அவளுக்கு வேறு வேலை இருந்தது. ஓடத் தெரிந்த பிள்ளைகளை உட்காரவைக்க ஒரு வருடம் பிடித்தது. உட்காரப் பழகின பிள்ளைகளை மறுபடி ஓடவைக்க அதைவிட அதிக நாள் பிடித்தது. மின்னிக்குத்தான் ரொம்பச் சிரமம். அகவல் கேட்டால் அவள் வாய் தானாகவே "பருந்து" என்றது. மந்தாரை கோபித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் கூடவே பாறையிடுக்கு வரை ஓடினாள். எருமைக்கு அந்த இடுக்கில் மூக்குகூட நுழையாது. ஆனாலும் ஓடினாள்.

அதற்கப்புறம் ஒருநாள், பாடம் நடந்துகொண்டிருந்தபோது, எங்கிருந்தோ மயில் குரல் கேட்டது. ஒரே நொடியில் வகுப்பு காலி. முதலில் பாய்ந்தது ஒரு குட்டை வால். ஓட்டானின் ஓடு மட்டும் நிழலில் கிடந்தது. மந்தாரை கொம்பைத் தாழ்த்தி நாணலைப் பார்த்து நின்றாள்.

மரத்தின் பின்னாலிருந்து நீலமணி வெளியே வந்தார். "நான்தான் டீச்சர். சொல்லாம வந்து பார்க்கலாம்னு தோணுச்சு."

பாறையிடுக்குக்குள்ளிருந்து மின்னியின் குரல் வந்தது. "கேள்வியா ஐயா, நிஜமா?"

"கேள்விதான்மா. வெளியே வந்து பதில் சொல்லலாம்."

"மாட்டோம் ஐயா. டீச்சர் வரச் சொன்னாத்தான் வருவோம்."

நீலமணி காலியாகக் கிடந்த வகுப்பை வெகுநேரம் பார்த்தார். "கேள்வி கேட்டதும் வகுப்பே காலி," என்றார் மெதுவாக. "எல்லாரும் தேர்ச்சி."

மதிப்பெண்ணுக்காகப் பாடத்தை வளைத்தால், மதிப்பெண் வந்தாலும் வரும், வராமலும் போகும். பாடம் மட்டும் நிச்சயமாகக் கைவிட்டுப் போய்விடும்.